எல்லா லீடர்களும் கண்ணை மூடியிருந்த ஞாயிற்றுக்கிழமை

என் மனைவி ஞானம் காணாமல் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். சந்தையில் இல்லை, திருவிழாக் கூட்டத்தில் இல்லை. முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் சபைக்குள்ளே, சுற்றிலும் விசுவாசிகள் உட்கார்ந்திருக்கும்போது, என் பக்கத்து நாற்காலியிலிருந்து காணாமல் போனாள். அன்றைக்கு நான் பட்ட பாட்டையும், கர்த்தர் செய்த நன்மையையும் உங்கள் முன்னால் சொல்ல வந்திருக்கிறேன். நடுவில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். அவர்கள் சொன்ன சாட்சியை நான் பொறுமையாகக் கேட்டேன். என் சாட்சியை அவர்களும் கேட்கட்டும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் கீதா எழுதுகிறாள். நான் யாரையாவது திட்டினால் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். எழுதும்மா என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறாள்.

ஞானத்துக்கு ஞாபகம் போய் நாலைந்து வருஷம் ஆகிறது. முதலில் உப்பு டப்பா எங்கே என்று தேடினாள். அப்புறம் தெருப் பெயர் போனது. கடைசியில் நான் போனேன். சில நாள் என்னை அண்ணே என்பாள். சில நாள், இருட்டிவிட்டதே, நீங்கள் உங்கள் வீட்டுக்குப் போகவில்லையா என்று மரியாதையாகக் கேட்பாள். அதையெல்லாம் பழகிக்கொண்டேன். பழக முடியாதது சர்க்கரை. காலையில் கீதா அவளுக்கு ஊசி போடுவாள். போட்ட கையோடு சாப்பிட்டாக வேண்டும். சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி, வேர்த்து, மயங்கி விழுந்துவிடுவாள், அப்படியே உயிர் போனாலும் போகலாம் என்று டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

எனக்கு வேதம் தெரியுமென்றால் அது அவளால்தான். நான் பாடி என்கிற ஊரில் ஒரு பழைய தொழிற்சாலையில் இரும்பு ஏற்றி இறக்குகிற வேலை செய்தேன். சாயந்தரம் வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால் அவள் விளக்குக்குக் கீழே வேதத்தை விரித்து வைத்து வாசிப்பாள். ஆதியாகமத்திலிருந்து ஆரம்பித்துக் கடைசி வரைக்கும் போவாள். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து. பெயர்ப் பட்டியல் வந்தால் மற்றவர்கள் தாண்டிவிடுவார்கள். அவள் ஒன்றையும் விடமாட்டாள். நெகேமியா புத்தகத்தில் எருசலேம் மதிலை ஊரே சேர்ந்து கட்டுகிற இடம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். மீன்வாசல், ஆட்டுவாசல், குப்பைமேட்டு வாசல் என்று வாசித்துக்கொண்டே போவாள். "இன்னாய்யா இது, நம்ம ஆவடி மார்க்கெட்டாட்டம் கீது" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இப்போதும் இருக்கிறது. எதற்குச் சிரிக்கிறாள் என்றுதான் தெரியவில்லை.

இப்போது சாலமனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சபையில் மூப்பர், பாஸ்டருக்கு அடுத்த பொறுப்பு. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எங்கள் ஊரில் முன்பு நாற்று நட்ட நிலத்தில் அடுக்குமாடி எழும்பியதே, அதில் எட்டாவது மாடியில் வீடு வாங்கிக்கொண்டு வந்தவர். நல்லவர்தான். அதுதான் கஷ்டம். கெட்டவராயிருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருப்பேன். அவருக்கு ஒரு நாள் தரிசனம் வந்தது. நம் சபையில் தலைமைத்துவம் இல்லை என்று. உடனே ஆராதனை முடிந்ததும் ஞாயிறுதோறும் வகுப்பு. வேதம் கற்றுத்தரும் தலைமைத்துவம், அன்றாட வாழ்வுக்கு. வெள்ளைத் துணியைக் கட்டி அதில் படம் காட்டினார். ஒருவன் மலை உச்சியில் கொடியோடு நிற்கிறான். கையில் பை இல்லை, தண்ணீர் இல்லை. அவன் எப்படி இறங்குவான் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வகுப்புக்கு நெகேமியாவை எடுத்துக்கொண்டார். நெகேமியா பெரிய மேனேஜர் என்றார். திட்டம் போட்டான், ஆள் சேர்த்தான், முடித்துக் காட்டினான் என்றார். நான் கை தூக்கி, அவன் ராஜாவுக்குப் பானம் ஊற்றிக் கொடுக்கிற வேலைக்காரன்தானே தம்பி என்றேன். எழுபது தாண்டியவன் கேட்கிறானே என்று அன்பாகச் சிரித்தார்.

"சூப்பர் தாத்தா. அது அவரோட ஸ்டார்ட்டிங் லெவல்."

அதற்கு மேல் நான் கை தூக்கவில்லை.

கொஞ்ச நாளில் சபையில் பாதிப்பேர் லீடர் ஆகிவிட்டார்கள். பாட்டுக்கு ஒரு லீடர். மைக்குக்கு ஒரு லீடர். நாற்காலிக்கு ஒரு லீடர். வண்டி நிறுத்துவதற்கு ஒரு லீடர். வெளியே நிற்பது நாலு டூவீலரும் ஒரு ஆடும். வாசலில் வருகிறவர்களை வரவேற்க எட்வின் என்று ஒரு தம்பி, வரவேற்பு லீடர். ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு அட்டை தொங்கியது. அட்டை இல்லாதவர்கள் நானும் ஞானமும் சில கிழவிகளும்தான். நாங்களும் இல்லாவிட்டால் இவர்கள் யாருக்கு லீடர் என்று கேட்க வாய் வரை வந்தது. விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஊரில் இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கிராமத்துக்குப் போயிருந்தார். என் மகன் தொழிற்சாலையில் ஓவர்டைம். காலையில் கீதா ஊசி போட்டாள். ஞானம் இட்லியைத் தள்ளிவிட்டாள். பசிக்கவில்லையாம். சரி, சபையில் உட்கார்ந்தால் சாப்பிடுவாள் என்று கீதா இட்லியை டப்பாவில் போட்டுப் பையில் வைத்தாள். முதல் பாட்டு முடிந்ததும் ஊட்டலாம் என்று நினைத்தோம். அன்றைக்குப் பார்த்து முதல் பாட்டு முடிந்த உடனே சாலமன் வகுப்பை முன்னால் இழுத்துக்கொண்டார். பாஸ்டர் இல்லையல்லவா.

"இன்னைக்குப் பிராக்டிக்கல். எல்லாரும் கண்ண மூடுங்க. உங்க வாழ்க்கையில இடிஞ்சு கெடக்குற செவுத்தப் பாருங்க. ரெண்டு கையும் மேல தூக்குங்க. யாரும் கண்ணத் தொறக்கக் கூடாது."

நான் எப்போதும் ஞானத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவேன். இரண்டு கையும் என்றாரே. விட்டேன். தூக்கினேன். இடிந்த சுவரைப் பார்க்கச் சொன்னார். எனக்கு எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவர்தான் தெரிந்தது. அதையும் விடாமல் பார்த்தேன். கண்ணைத் திறந்தபோது பக்கத்து நாற்காலி காலி. பை இருந்தது. இட்லி டப்பா இருந்தது. அவள் இல்லை.

சபைக்கு வெளியே ஒரு பக்கம் ஆவடி போகிற ரோடு, லாரி ஓயாது. இன்னொரு பக்கம் போனால் ஏரி. கீதா செருப்புக்கூடப் போடாமல் ஏரிப் பக்கம் ஓடினாள். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனேன். டீக்கடையில் கேட்டேன். பார்க்கவில்லை என்றார்கள். எதிர்த்தெரு மண்டபத்தில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நான் கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. அதற்கு மேல் கால் வரவில்லை. திரும்பினேன்.

லீடர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்லமாட்டேன். சும்மா இருந்திருந்தால் நன்றாயிருக்கும். சாலமன் மைக்கைப் பிடித்து, யாரும் பதற வேண்டாம், டீம் டீமாகப் போகலாம் என்றார். டீமுக்கு வேதத்திலிருந்து கோத்திரப் பெயர் வைத்தார்கள். யூதா டீம், பென்யமீன் டீம். யூதாவுக்கு யார் தலைவர் என்று பாட்டு லீடருக்கும் வண்டி லீடருக்கும் பேச்சு வளர்ந்தது.

"வண்டி எங்கிட்ட கீது. நான்தான் முன்னாடி போவணும்."

"வண்டி உன்னுது, டீம் ஒங்கப்பா ஊட்டுதா?"

"மொதல்ல பிரதர் யார் பேர சொன்னாரு, அத்த கேளு."

இதற்குள் ஒருவர் ஞானத்தின் படத்தை எல்லார் செல்போனுக்கும் அனுப்பினார். கிறிஸ்துமஸில் எடுத்த படம். சும்மா அனுப்பக் கூடாதென்று படத்துக்குக் கீழே ரோஜாப்பூவும் வைத்திருந்தார். செத்தவளுக்குப் போடுகிற மாதிரி. எனக்கு அதைக் காட்டியபோது செல்போனைத் தள்ளிவிட்டேன். அந்தப் படத்தோடு, ரோட்டுப் பக்கம் போங்கள் என்று ஒரு செய்தியும் போயிருந்தது. யூதாவும் பென்யமீனும் சேர்ந்து ரோட்டுப் பக்கமே போனார்கள். மொத்தமாகப் போய் மொத்தமாகத் திரும்பி வந்தார்கள். மற்ற தெருக்களை யாரும் பார்க்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவர்களைப் பார்த்து சாலமன், நாம் மனித பலத்தை நம்பிவிட்டோம், இப்போது ஒருமனமாக ஜெபிக்கலாம் என்றார். எல்லாரும் முழங்கால் போட்டார்கள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபம் ஆரம்பித்தால் ஆமென் சொல்கிற வரைக்கும் யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது, பேசக் கூடாது. புது ஆள் யாராவது வந்தால், செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரும்படி கையைக் காட்ட வேண்டும். ஜெபம் முடிந்த பிறகுதான் விசாரிக்க வேண்டும். பழைய வழக்கம்தான். நல்ல வழக்கமும்தான். அதை எட்வினுக்கு வகுப்பில் இன்னும் கெட்டியாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

சாலமன் ஜெபித்தார். எகிப்திலிருந்து ஆரம்பித்தார். செங்கடலைத் தாண்டினார். வனாந்தரத்தில் கொஞ்ச நேரம் சுற்றினார். எருசலேம் மதிலுக்கு வந்தார். தேவதூதரை அனுப்பும், எங்கள் தாயாரைக் கண்டுபிடித்துத் தாரும் என்றார். அவர் சொல்லுகிற ஒவ்வொரு வார்த்தையும் மைக்கில் மண்டபத்து மேளத்தோடு சண்டை போட்டது.

நானும் முழங்கால் போட்டேன். எனக்கு மைக்கில் வருகிற மாதிரி ஜெபம் வராது. அவள் எங்கே விழுந்து கிடக்கிறாளோ என்பதுதான் மனசில் ஓடியது. நாற்பது வருஷத்துக்கு மேல் எனக்கு வாசித்தவள். நான் அவளுக்கு ஒரு இட்லி ஊட்டவில்லை. எனக்கு வந்த ஜெபம் ஒன்றே ஒன்றுதான். ஆண்டவரே, அவள் இன்னும் சாப்பிடவில்லை. திருப்பித் திருப்பி அதையே சொன்னேன். கண்டுபிடித்துக் கொடும் என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை.

அப்போது என் தோளை யாரோ உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தால் சம்பந்தி கோதண்டம். கீதாவின் அப்பா. இந்த ஊர்ப் பழைய குடும்பம், நிலத்தையெல்லாம் விற்றுவிட்டு இப்போது மனை வாங்கி விற்கிற தரகு. நெற்றியில் விபூதி, வாயில் வெற்றிலை. வீட்டுக்கு வந்தால் எந்த மனை என்ன விலைக்குப் போனது என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அவரை நான் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. அதை இப்போது எழுதுகிறவள் அவர் மகள். இந்த இடத்தில் பேனா நிற்கவில்லை, அவளுக்கும் தெரியும்.

"இன்னா சம்பந்தி, பொண்ணு ஃபோன்ல அய்துகினே சொல்லுச்சி. நீ இங்க முட்டி போட்டுகினு கீற?"

"ஜெபம் நடக்குது சம்பந்தி."

"நடக்கட்டும், யார் வேணாம்னா."

அவர் எங்கள் ஜெபத்தில் இல்லாதவர். அதனால் அவர் கண் திறந்திருந்தது. அந்தக் கண் சபையை ஒரு சுற்றுச் சுற்றிக் கடைசி வரிசையில் நின்றது. அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு நடுவயசு ஆள் உட்கார்ந்திருந்தார். பட்டு வேட்டி, மார்பில் சந்தனம், கையில் புது மோதிரம். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல உட்கார்ந்திருந்தார். நான் அவரை இதற்கு முன் பார்த்ததில்லை. கோதண்டம் நேராக அவரிடம் போனார். நானும் நாற்காலியைப் பிடித்து எழுந்து பின்னாலேயே போனேன்.

"யார் நைனா நீ? இவுங்க ஆளா?"

"இல்லீங்க. எதுர்த்தெரு மண்டபம். பொண்ணுக்குத் தாய்மாமன்."

"தாய்மாமன் கல்யாணத்த உட்டுட்டு இங்க இன்னா பண்ற?"

"ஒரு அம்மா மண்டபத்துக்கு வந்துகீறாங்க. யாருன்னு தெரில. தாலில சிலுவ கீது. அதான் உங்க ஆளான்னு கேட்டுகினு போலாம்னு வந்தேன்."

"கேக்க வேண்டியதுதான?"

"சாமி கும்புட்டுகினு கீறாங்க, நடுவுல எப்டி பேசறது? தோ, அவுரும் ஒக்காருன்னு கைய காட்னாரு." எட்வினைக் காட்டினார். எட்வின் கண்ணை இறுக்கி மூடியபடி வாசலில் நின்றிருந்தான். வாசலில் நிழல் ஆடியதும் கண்ணைத் திறக்காமலே கையை மட்டும் காட்டியிருக்கிறான்.

"எவ்ளோ நேரமா ஒக்காந்துகீற?"

"அவுரு கடல் ரெண்டா பொளந்திச்சின்னு சொல்லிகினு இருந்தாரே, அப்போலேர்ந்து."

கோதண்டம் அப்போது ஒரு வார்த்தை சொன்னார். அதை எழுத மாட்டேன் என்கிறாள் அவர் மகள்.

மைக்கில் சாலமன் அப்போதும் தேவதூதரை அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். தேவதூதன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, ஆமென் எப்போது வரும் என்று காத்திருந்தான். என் ஆண்டவர் அனுப்பிய ஆளை எங்கள் வரவேற்பு லீடர் உட்கார வைத்துவிட்டார்.

கோதண்டம் என்னை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றினார். நடந்தே போயிருக்கலாம், அவ்வளவு பக்கம். மண்டபத்து வாசலில் பன்னீர் தெளித்தார்கள். கற்கண்டு கொடுத்தார்கள். நான் கற்கண்டை வாங்கிக்கொண்டு அழுதுகொண்டே உள்ளே போனேன். சாப்பாட்டுக் கூடம் பின்பக்கம். முதல் வரிசை, முதல் இலை. ஞானம் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் குங்குமம், தலையில் ஒரு முழம் மல்லிகை. இலையில் பொங்கல், வடை, ஓரத்தில் கேசரி. யாருடைய பேச்சுக்கோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் ஒரு அம்மாள் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தார். அவர்தான் நடந்ததைச் சொன்னார். இவள் நேராக உள்ளே வந்தாளாம். பெண் வீட்டார் இவளை மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்று நினைத்தார்கள். இரண்டு பக்கமும் போட்டி போட்டு மரியாதை செய்தார்கள். கழுத்தில் தாலி இருக்கிறது, நெற்றி வெறுமையாயிருக்கிறது, அவசரத்தில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று ஒரு பெண் குங்குமம் வைத்திருக்கிறாள். அப்போதுதான் தாலியில் சிலுவை தெரிந்திருக்கிறது.

"வந்தவொடனே பசிக்குதுன்னாங்க ஐயா. பந்தி இன்னும் ஆரம்பிக்கல. பெரியவங்க பசிக்குதுன்னு சொன்னா சும்மா கீற முடியுமா? எலைய போட்டுட்டோம். மொத பந்தி முடிஞ்சி எய்ந்திரிக்கச் சொன்னா மாட்டேன்னுட்டாங்க. சரின்னு ரெண்டாவது பந்திக்கும் எல போட்டோம்."

பிரியமானவர்களே, நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது லீடர்கள் டீமுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் சாப்பிடவில்லை என்று நான் ஆண்டவரிடம் சொல்ல வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவளுக்கு இலை போட்டாயிற்று. அதுவும் முதல் இலை.

நான் அவள் முன்னால் போய் நின்றேன். ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ பொண்ணு ஊடா, புள்ள ஊடா?"

கோதண்டம் என் முதுகில் கையை வைத்தார். பெண் வீடு என்றேன்.

"அப்போ ஒக்காரு. கேசரி வருது."

உட்கார்ந்தேன். எனக்கும் இலை போட்டார்கள். அந்தச் சாப்பாட்டை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். அப்பா ஃபோன் பண்ணியதும் கீதா ஏரிக்கரையிலிருந்து ஓடி வந்தாள். மாமியாரைப் பார்த்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு டாக்டரிடம் காட்டியபோது, அந்த நேரத்தில் இனிப்பு உள்ளே போனது நல்லதாயிற்று, இல்லாவிட்டால் சொல்ல முடியாது என்றார். சர்க்கரைக்காரிக்குக் கேசரியை மருந்தாகக் கொடுத்த வைத்தியர் என் ஆண்டவர் ஒருவர்தான்.

திரும்பிச் சபைக்கு வந்தோம். ஆமென் சொல்லிவிட்டிருந்தார்கள். சாலமன் ஓடி வந்தார். சந்தோஷப்பட்டார், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். அப்புறம் அவர் கண் ஞானத்தின் நெற்றிக்குப் போனது.

"தாத்தா, மொதல்ல அந்தப் பொட்டத் தொடச்சிடுங்க. சபைக்குள்ள வர்றப்ப நம்ம விசுவாசத்துக்குச் சாட்சியா இருக்காது."

நான் பேசுவதற்கு முன் கோதண்டம் பேசினார். "தம்பி, பொட்டு வெச்சவங்க சோறு போட்டாங்க. நீ இன்னா போட்ட?"

சாலமன் முகம் சுருங்கிவிட்டது. நான் குங்குமத்தைத் துடைக்கவில்லை. அவள் தூங்கும்போது தலையணையில் அதுவாக அழிந்தது. பூவை அவளே மறுநாள் எடுத்துக் கீதாவுக்கு வைத்துவிட்டாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இந்தச் சாட்சியைச் சொல்லியிருக்கமாட்டேன். அடுத்த ஞாயிறு சாலமன் மேடையேறிச் சாட்சி சொன்னார். தலைமைக் குழுவின் ஒருமன ஜெபத்தால் கர்த்தர் நம் தாயாரைத் திருப்பித் தந்தார் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எட்வினும் தட்டினான். மண்டபம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசி நாற்காலியில் உட்கார்ந்த ஆள் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோதண்டம் பற்றி இல்லவே இல்லை. விபூதிக்காரர் பெயர் மைக்கில் வரலாமா. நான் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ஆண்டவர் செய்ததை ஒரு குழு எடுத்துக்கொண்டால் அது எனக்குத் தொண்டையில் இறங்காது.

நெகேமியாவை வைத்தே இவர்களுக்குப் பதில் சொல்லுகிறேன். ஞானம் எனக்கு வாசித்தது இது. மதில் பாதி எழும்பியபோது எதிரிகள் கூடி, அடித்து நொறுக்க வருகிறார்கள் என்று சேதி வந்தது. நெகேமியா ஜனங்களோடு சேர்ந்து ஜெபம் பண்ணினான். அதோடு நிற்கவில்லை. இரவும் பகலும் காவல் வைத்தான். இரண்டும் ஒரே மூச்சில் வருகிறது. ஜெபித்ததால் காவல் வேண்டாம் என்று சொல்லவில்லை. காவல் இருப்பதால் ஜெபம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாலமன் அத்தனை வாரம் படம் காட்டினார். மலை காட்டினார், கொடி காட்டினார். அந்தக் காவல்காரனை மட்டும் காட்டவில்லை. அவனுக்கு அட்டை இல்லை போலிருக்கிறது.

பாடியில் எங்களுக்கு ஒரு மேஸ்திரி இருந்தார். நல்லவர் இல்லை. குடிப்பார், கெட்ட வார்த்தைதான் அவர் பேச்சு. ஆனால் பெரிய இரும்புப் பாளத்தைத் தூக்கும்போது ஒருவனைத் தூக்க விடமாட்டார். "நீ தூக்காத, எல்லாரு காலயும் பாத்துகினு நில்லு" என்பார். தூக்குகிறவனுக்குக் கண் இருட்டும், பாரம் மட்டும்தான் தெரியும். அப்போது யாராவது ஒருவன் சும்மா நின்று பார்க்க வேண்டும். அந்த ஆளைச் சோம்பேறி என்று நாங்கள் கேலி செய்வோம். ஆனாலும் அவன் இல்லாமல் எவனும் கை வைக்கமாட்டான். அந்தக் குடிகாரருக்கு இருந்த புத்தி இந்த லீடர்களில் ஒருவருக்கும் இல்லை.

இன்னொன்று. மோசே பகல் முழுக்க ஒரே ஆளாக உட்கார்ந்து ஜனங்களுக்கு நியாயம் தீர்த்துக் களைத்துப்போனான். இப்படிச் செய்தால் நீயும் சோர்ந்துபோவாய், ஜனமும் சோர்ந்துபோகும், வேலையைப் பிரித்துக்கொடு என்று அவனுக்குச் சொன்னது யார்? அவன் மாமனார். இஸ்ரவேலன் இல்லை. வேறே தேசத்து ஆசாரியன், பூசாரி மாதிரி. மோசே என்ன செய்தான்? நீ எங்கள் ஆளா என்று கேட்கவில்லை. நெற்றியைப் பார்க்கவில்லை. சொன்னதைக் கேட்டான், செய்தான். அதனால்தான் அவன் மோசே. கேட்கத் தெரியாதவன் எவ்வளவு பெரிய மைக்கைப் பிடித்தாலும் எனக்கு அவன் லீடர் இல்லை.

பாஸ்டர் ஊரிலிருந்து வந்ததும் நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பிறகு எட்வினைக் கூப்பிட்டு, இனிமேல் ஜெப நேரத்தில் வாசலில் ஒருவர் கண்ணைத் திறந்துகொண்டு இருக்க வேண்டும், யார் வந்தாலும் முதலில் என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும் என்றார். சாலமனையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போய், அந்தத் தாய்மாமன் வீட்டு விலாசம் வாங்கி, நன்றி சொல்லிவிட்டு வந்தார். கோதண்டம் வீட்டுக்கும் போனார். கோதண்டம் அவருக்கு ஒரு மனை காட்டியிருக்கிறார். அது அவர் சுபாவம்.

வாசலில் யார் இருப்பது என்று கேட்டபோது ஒரு லீடரும் முன்வரவில்லை. ஜெபிக்காமல் உட்காருவது கௌரவக் குறைச்சல். நான் இருக்கிறேன் என்றேன்.

என் வாழ்க்கை மாறியது அங்கேதான். முன்பெல்லாம் நான் கண்ணை மூடினால் பாதி ஜெபத்தில் தூங்கிவிடுவேன். இப்போது தூங்குவதில்லை. ஞானத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன். அவள் இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டே தெருவைப் பார்ப்பாள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே நான் ஆண்டவரிடம் பேசக் கற்றுக்கொண்டேன். சுலபமாகத்தான் இருக்கிறது. அவரும் கண்ணை மூடுகிறவர் இல்லை.

இதைக் கேட்கிற உங்களுக்கும் ஒரு கஷ்டம் இருக்கும். வீட்டில் ஒரு நோயாளி இருப்பார், காணாமல் போன ஒருவர் இருப்பார். என் ஆண்டவரை நம்புங்கள். நீங்கள் கேட்கும் முன்னே அவர் ஆளை அனுப்பியிருப்பார். அந்த ஆள் உங்களுக்குப் பிடித்த மாதிரி இருக்கமாட்டார். அவர் வந்து உட்கார்ந்திருந்தால் எழுந்து போய்க் கேளுங்கள். அதற்கும் தைரியம் இல்லாவிட்டால் ஒரு ஞாயிறு எங்கள் சபைக்கு வாருங்கள். உள்ளே போய் நிம்மதியாகக் கண்ணை மூடி ஜெபியுங்கள். வாசலில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.